ஒன்பது மில்லிமீட்டர்

புயலில் பலா விழுந்த இடம்
கீழிருப்பில் இரண்டு சர்வே எண்களுக்கு நடுவே.
வேர் மாயகிருஷ்ணன் பக்கம்,
தலை விருத்தாம்பாளின் முந்திரிக்குள்.
மூன்று மாதம் ஒருவரோடொருவர் பேசாமல்
மரத்தோடு மட்டும் பேசினார்கள்,
அவர் வேரை உதைத்து,
இவள் கிளையைக் கழித்து.

பண்ருட்டி மில்காரர் டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை.
"ஓடையத் தாண்டி கிரேன் வராது.
வேலியோரத்து மரம் வேற, உள்ள ஆணி இருக்கும்.
எம் பிளேடு போயிடும்."

மரம் மில்லுக்கு வராதென்றால்
மில் மரத்துக்குப் போகட்டும் என்று
சொன்ன வாய் என்னுடையது.
ஜன்னல் கிரில் அடிக்கிறவனுக்கு
வாய் எதற்கு.

செயின்சா, ரோட்டில் விழுந்ததை அகற்றப்
பஞ்சாயத்து வாங்கி மறந்துபோனது.
சட்டம், ஒன்றரை அங்குல சதுரக் குழாய்,
யாரோ வீட்டு கேட்டில் மிச்சம், பச்சை பெயின்ட்டோடு.
தடிமன் மாற்ற நாலு யூ-போல்ட்.
தள்ளுகிற கைப்பிடி ஓடாத டிவிஎஸ் ஐம்பதினுடையது;
ஹாரன் பட்டன் இன்னும் அதில் இருந்தது.
முதல் வெட்டு நேராய்ப் போக, மரத்தின் முதுகில் கட்ட,
லைன்மேன் சக்கரபாணியின் அலுமினிய ஏணி.
"வளைஞ்சா நீதான் கம்பத்துல ஏறணும்."

முதல் பலகை
ஒரு முனையில் ஒன்றரை அங்குலம்,
மறுமுனையில் முக்கால்.
இதுக்கு வாழமரத்தையே அறுத்திருக்கலாம் என்றாள் விருத்தாம்பாள்.
அதிர்வில் நட்டுகள் ஒவ்வொன்றாய்க் கழன்று
சருகுக்குள் ஒளிந்துகொண்டன.

இரவு இரட்டை நட்டு போட்டேன்.
பலாப்பால் அப்பிய செயினை மண்ணெண்ணெயில் கழுவி
பல் பல்லாக அராவினேன்,
முப்பது டிகிரியிலிருந்து பத்துக்கு.
குறுக்கே கடித்துப் பழகின வாயை
நெடுக்கே தின்னப் பழக்குவது.
நாற்பத்தொன்பது பல்.
கரண்ட் இல்லை. செல்போன் வெளிச்சம்.
ஒன்றை இரண்டு தரம் அராவினேனோ, விட்டேனோ.

மறுநாள் அது போனது.
வெட்டின முகமே அடுத்த வெட்டுக்கு வழி,
ஏணி வேண்டாம்.
ஆனால் பின்னால் பிளவு மூடிக்கொள்ளும்.
செயின் இறுகாமலிருக்க
இரண்டு பக்கமும் ஆள் நின்று ஆப்பு செருக வேண்டும்.
என் கை இரண்டும் டிவிஎஸ் மேல்.
மாயகிருஷ்ணன் இந்தப் பக்கம்,
விருத்தாம்பாள் அந்தப் பக்கம்.
எஞ்சின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது,
அது அவர்களுக்கு வசதி.
கண்ணைச் சுருக்கினால் செருகு,
கையை உயர்த்தினால் போதும்.

ஏழாவது வெட்டில் தீப்பொறி.
அணைத்துவிட்டுப் பிளந்து பார்த்தோம்.
மஞ்சள் மரத்துக்குள் நாலு விரற்கடை ஆழத்தில்
மூன்று சுற்று முள்கம்பி, சுற்றிலும் நீலக் கறை.
எங்கப்பா கட்டினது என்றார் மாயகிருஷ்ணன்.
எங்க மாமனார் என்றாள் விருத்தாம்பாள்.
கம்பி யார் பெயரும் சொல்லவில்லை.
என் நாலு பல்லைப் பிடுங்கியிருந்தது.

பன்னிரண்டு வெட்டு, பதினோரு பலகை.
ஒரு வெட்டுக்கு ஒன்பது மில்லிமீட்டர் தூளாகிறது;
ஆக நூற்றெட்டு,
நாலேகால் அங்குலம்.
இன்னும் மூணு பலகை வந்திருக்கும் என்று
மாயகிருஷ்ணன் தூளைக் காலால் கிளறினார்.
கோழிக் கொட்டகைக்கு எனக்கு வேணும் என்றாள் அவள்.
பாதி என்னுது.
எந்தப் பாதி?

பலகை ஆளுக்கு ஐந்தாகப் பிரிந்தது.
நீலக் கறை விழுந்தது என் கூலி.
பட்டறையில் நிழலில் கட்டை வைத்துக் கிடத்தியிருக்கிறேன்,
காய ஒரு வருஷம் ஆகும்.
தூளைப் பற்றி இன்னமும் பேசுகிறார்களாம்,
தினமும், வரப்பில் நின்றபடி.

பலகைகளை ஓடை கடத்த
ஏணியைப் பாலமாகப் போட்டோம்.
நடுவில் வளைந்துவிட்டது.
சக்கரபாணி மூன்று தரம் போன் பண்ணிவிட்டார்.