தொடாத கம்பி

செப்டம்பர் வந்தால்
வயிற்றில் புளி கரையும் எனக்கு.
கலிஃபோர்னியாவில் யாரோ மேடையேறி
புதிய இயங்குதளம் என்று சிரிப்பார்கள்.
லியெபாயாவில்,
கடற்காற்று ஜன்னலை உலுக்கும் மூன்றாம் மாடியில்,
என் செயலி செத்துப்போகும்.

நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.
அதுதான் குற்றம்.

சுருதி பார்க்கும் சின்னச் செயலி.
கம்பி ஒலித்தால் முள் அசையும்,
நடுவில் நின்றால் சரி. அவ்வளவே.
பதினோரு வருடம் முன்பு
கைக்குழந்தை தூங்கிய இடைவெளிகளில் எழுதியது.
'தற்காலிகம், பிறகு சரிசெய்' என்ற குறிப்பு
முந்நூற்று நாற்பதாம் வரியில் இன்னும் இருக்கிறது.
மகளுக்கு இப்போது என் செருப்பு சரியாக இருக்கிறது.

ஒரே முறை மூன்று யூரோ.
ஒன்பதாயிரம் பேர் வாங்கினார்கள்.
அந்தப் பணம் குளியலறைத் தரையானது.
அதிலும் ஓடு பெயர்கிறது.

மூடிவிடலாம் என்று அறிவிப்பு எழுதினேன்.
நன்றியில் தொடங்கி நன்றியில் முடிந்தது,
நடுவில் டிசம்பர் முப்பத்தொன்று.

அன்றைக்கே குல்டீகாவிலிருந்து குன்வால்டிஸ்:
'முள் அசையவில்லை, பாய்பா.
அடுத்த வாரம் பள்ளிக்கூடத்து பியானோ.
இடது காது போன குளிர்காலத்தோடு போய்விட்டது.
உன் முள்தான் எனக்கு அந்தக் காது.'

ஒலிவாங்கிக்கு அனுமதி கேட்கும் முறையை
மாற்றியிருந்தார்கள்.
ஆறு வரி.
நாலு ராத்திரி.

'அசைகிறது. எவ்வளவு தரவேண்டும்?'
ஏற்கெனவே தந்துவிட்டீர்கள் என்றேன்.
'பள்ளிக்கூடம் பியானோ வாங்கியது எழுபத்தொன்றில்.
எனக்கு வருடா வருடம் தருகிறது.
யாரும் தொடாவிட்டாலும் கம்பி இறங்கும்.
சுருதிச் செயலி எழுதியவளுக்கு
இது தெரியாதா?'

தெரியாது.
முள்ளை வரைந்தவள் நான்,
கம்பியைப் பற்றி யோசித்ததே இல்லை.

வருடத்துக்கு நான்கு யூரோ என்று போட்டேன்.
பேராசைக்காரி: ஒரு நட்சத்திரம்.
பகல் கொள்ளை: ஒரு நட்சத்திரம்.
'மூன்று யூரோவுக்கு ஆயுள் முழுக்க என்றல்லவா நினைத்தேன்'
என்று ஒருவர், மரியாதையாக.
யாருடைய ஆயுள் என்று அவர் சொல்லவில்லை.

தங்கியவர்கள் இருநூற்றுப் பதினேழு பேர்.
செயலிக் கடைக்குக் கட்டியது போக மீதியில்
ஒரு பழைய கைபேசி வாங்கினேன்,
குன்வால்டிஸ் வைத்திருக்கும் அதே மாதிரி,
திரையில் கீறல் சகிதம்,
சோதித்துப் பார்க்க.
ஓடு அப்படியேதான் ஆடுகிறது,
அந்த ஒன்றை மிதிக்காமல் நடக்கப் பழகிவிட்டோம்.

அறிவிப்பை அழிக்கவில்லை.
டிசம்பர் முப்பத்தொன்று
அதே இடத்தில் இருக்கிறது.
வருடத்தை மட்டும் எடுத்துவிட்டேன்.