பெரிஷ்

குளிரறைக் கதவைச் சுற்றி ஓடுகிற கறுப்பு றப்பர்
ஆறேழு இடத்தில் வெடித்துப்போய்க் கிடந்தது.
கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர்
குந்தியிருந்து பார்த்தார்,
ரிப்போட்டில் ஒரே வரி எழுதிவிட்டுப் போனார்:
சீல் பெரிஷ்ட்.

சாய்ந்தமருதில், ஐஸ் கொம்பனியில்
கணக்கெழுதுகிறவள் நான்.
போனில் அகராதியைத் தட்டினேன்.
மாளுதல், மடிதல், உயிர்விடுதல்.
"றப்பர் மௌத்தாப் போயித்தாம்" என்றேன்.
முபீத் காக்கா தராசை விட்டுவிட்டுச் சிரித்தார்:
"அப்ப கபனுக்கு எத்தின முழம்?"

இதற்கு நம்மிடம் சொல்லில்லையா என்ன.
சோறென்றால் ஊசும்.
வாடிக் கூரையில் கிடுகு உக்கும்,
ஆணி கறள்கட்டும்,
மீன் முதலில் பதம் கெட்டு
அதற்குப் பிறகுதான் நாறும்.
றப்பருக்கு?
இழுத்துப் பார்த்தேன்.
நேற்றைய பிட்டுப்போல் விரலில் உதிர்ந்தது.
இத்துப்போச்சு!
சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல,
ஐஸ் உடைக்கிற பொடியன் திரும்பிப் பார்த்தான்.

சொல் கைக்கு வந்த துணிச்சலில்
இன்ஷூரன்ஸ் கடிதத்தை நானே எழுதினேன்.
அறுக்குளா நாற்பது கிலோ,
சூரை நூற்றுப் பத்து,
எல்லாம் பெரிஷ்ட்.
மூன்றாம் நாள் பதில் வந்தது:
உங்கள் இழப்புக்கு ஆழ்ந்த வருத்தங்கள்.
ஆங்கிலத்தில் எனக்கு வந்த முதல் அனுதாபம்
நூற்றைம்பது கிலோ மீனுக்கு.

இந்த வினை செயப்படுபொருள் கொள்ளாது
என்றது யூடியூப் பாடம்.
யாரும் யாரையும் பெரிஷ் செய்ய முடியாது.
அதுபாட்டுக்கு நடக்கும்.

கடற்கரை வீதியால் சைக்கிளில் வரும்போது
காலை ஊன்றி நின்றேன்.
இத்தனை வருஷம் கடந்துபோன கல்,
ஆங்கில வரியை இன்றுதான் வாசிக்கிறேன்.
அங்கேயும் அதே சொல்.
மேலே தமிழில்: கடல் காவுகொண்டோர்.
தமிழில் கடல் இருக்கிறது,
எழுவாயாக, கையும் களவுமாக.
ஆங்கிலத்தில் தேடினேன், கடலைக் காணவில்லை.
உம்மா இரண்டையும் வாசிக்க மாட்டா,
ஷஹீத் என்பா, அவ்வளவுதான்.

பதினேழாவது பெயர் நுஸ்கியா.
வயது ஒன்பது. என் தாத்தா.
இப்போது நான் அவளைவிட மூத்தவள்.
இத்துப்போக அவளுக்கு நேரமிருக்கவில்லை.
அதற்கு வெயில் வேண்டும், உப்புக்காற்று வேண்டும்,
ஒன்றும் நடக்காத வருஷங்கள் நிறைய வேண்டும்.

இரவு அலுமாரியின் அடித்தட்டைத் திறந்தேன்.
பொலித்தீனில் சுற்றியபடி இடக்கால் செருப்பு.
நீலம் சாம்பலாகியிருந்தது.
தொட்டதுதான்,
வார் கையோடு வந்துவிட்டது.

உம்மா பின்னால் நின்றா.
ஒன்றும் பேசாமல் வாங்கி,
உதிர்ந்ததையும் கூட்டிப் பொறுக்கி,
திரும்பச் சுற்றத் தொடங்கினா.
"பெரிஷ்ட்" என்றேன், எனக்குள் சொல்வதுபோல.
"என்ன புள்ள அது?"
"றப்பர், உம்மா.
றப்பருக்குச் சொல்றது."