பிறகு வா

டோர்ஷவுனில் இன்றைக்கு இது ஆறாவது மழை.
மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் கீழ்த்தளத்தில்
நானும் மின்னஞ்சல் சர்வரும்.
அது முனகுகிறது,
நான் அதன் பதிவேட்டைப் படிக்கிறேன்.

இருபத்தைந்தாம் எண் வாசலில் யாரோ.
முதலில் வணக்கம், கூடவே தன் பெயர்;
அது இல்லாமல் இங்கே பேச்சே கிடையாது.
யாரிடமிருந்து, யாருக்கு,
பிறகுதான் சேதி.
சேதி முடிந்ததென்று சொல்ல
தனி வரியில் ஒரே ஒரு புள்ளி.

பொய்யர்களும் வணக்கம் சொல்வார்கள்,
நம்மைவிட அழகாக.
போன மாதம் எங்கள் மேலாளர் ரெக்வின் பெயரிலேயே வந்து
அவசரமாய் நாற்பதாயிரம் குரோனர் கேட்டார்கள்.

அதற்குப் பின் ஒரு விதி எழுதினேன்.
முகம் புதிதென்றால் யாராயிருந்தாலும்
நானூற்று ஐம்பத்தொன்று:
இப்போது முடியாது, பிறகு வா.

ஆயிரம் வாசல் ஏறி இறங்குகிறவனுக்குத்
திரும்பி வர நேரமிருக்காது.
சொல்ல ஏதோ இருப்பவன்
கால் கடுக்க நிற்பான்.
அரை மணியில் மறுபடி வணக்கம் சொல்வான்,
கதவு திறக்கும்.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

வியாழன் முதல் ஒரே வரி.
ஸ்கார்வுர் என்ற இழுவைப் படகு,
பேரன்ட்ஸ் கடல், செயற்கைக்கோள் இணைப்பு.
அனுப்புநர் ட்ரொண்டுர். பெறுநர் எங்கள் கணக்குப் பிரிவு மர்ஜுன்.
இரண்டு கிலோபைட்.
உறை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு தடவையும் செயற்கைக்கோள்
அதற்கு வேறொரு எண் கொடுத்து அனுப்புகிறது.
ஒவ்வொரு தடவையும்
என் விதிக்கு அது புதுமுகம்.
எழுபத்துமூன்று வணக்கம்.
எழுபத்துமூன்று பிறகு வா.

ஐந்து நாள் சுமக்கும் அந்தப் பக்கத்து வரிசை.
அப்புறம் எழுதியவன் கையிலேயே போட்டுவிடும்.
இது நான்காம் இரவு.

விதிக்குள் ஒரு விலக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தேன்.
காப்பி ஆறிப்போனது.
மூன்று மணி பன்னிரண்டுக்கு
எழுபத்துநான்காம் வணக்கம்.
வா என்றது சர்வர்.
வந்தது. புள்ளி விழுந்தது.

காலையில் மர்ஜுன் ஈரக் கோட்டைக் கழற்றாமலே
படித்தாள்.
சிரித்தாளா என்று சொல்லத் தெரியவில்லை,
ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள்.

“வியாழக்கிழமை எழுதியிருக்கிறான்.
இது எப்போது வந்தது?”

நேற்று ராத்திரிதான் என்றேன்.

நெறிமுறைப்படி அது பொய்யில்லை.
புள்ளி விழும்வரை
எதுவும் வந்ததாகக் கணக்கில்லை.