பி ஃபேஸ்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில்
மிக்ஸி ஜார் மூடிகளுக்கும்
ஒரு கால் போன மேசைக்கும் நடுவே
வெயிலில் கிடந்தது அந்த இசைத்தட்டு.
முந்நூறு என்றான். நூற்று நாற்பதுக்கு முடிந்தது.
அட்டையில் நான்கு பேர். முன்னால் நிற்கிறவர்
டெனர் சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
கேமராவைப் பார்க்காமல்
தன் ஷூ லேஸைப் பார்க்கிறார்.
பின்பக்கம் ஊதா மையில்
லெஸ்லி டிக்ரூஸ், அயனாவரம், 9.2.64.
அவர் இப்போது எங்கே, தெரியாது.
பி பக்கத்து மூன்றாவது பாட்டில்
ஒரு கீறல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்,
அது மட்டும் தெரியும்.

நான் மின்வாரியத்தில் வயர்மேன்.
சங்கீதம் தெரியாது. ஜாஸ் என்பதே
அட்டை சொல்லித்தான் தெரியும்.
ஆனால் லோடு தெரியும்.
யார்மேல் எவ்வளவு ஏறுகிறது, யார் தாங்குகிறார்,
கேட்டாலே புரிந்துவிடும்.
அந்த நால்வரில் தாங்குகிறவர் பாஸ்காரர்.
நிறைகுடத்தோடு மாடிப்படி இறங்குகிற மாதிரி
ஒரு படிகூட அவசரப்பட மாட்டார்.
டிரம்ஸ்காரர் அடிப்பதே இல்லை.
சாப்பிட்ட மேசையில் சிந்திய பருக்கைகளை
உள்ளங்கையால் ஒதுக்குகிறார்.
பியானோக்காரர்,
ஊதுகிறவர் மூச்சு வாங்கும்போது மட்டும்
"அப்புறம்?" என்கிறார்.

நேற்று மே பதினெட்டு. எனக்கு ஆஃப்.
பெரம்பூர், மூன்றாவது மாடி, பதினொன்று இருபது.
அந்த மூன்றாவது பாட்டில், மெதுவான பாட்டு அது,
ஊதுகிறவர் மேலே ஒரு சுரத்தைத் தொடப்போகிறார்.
தொடுமுன் எப்போதும் கொஞ்சம் தயங்குவார்.
அந்தத் தயக்கத்தில் கரண்ட் போனது.

உடனே நிற்கவில்லை.
ஆம்ப்ளிஃபயரில் தேங்கியிருந்த கடைசிச் சொட்டில்
தட்டு தளரத் தளரக் குரல் இறங்கியது.
ஆளிலிருந்து கிழவனுக்கு,
கிழவனிலிருந்து எருமைக்கு,
எருமையிலிருந்து ஒன்றுமில்லாததற்கு.
பிறகு எங்கள் வரிசையில்
எல்லா ஃபேனும் நின்ற சத்தம்.

கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு பத்மலோசனி.
பின்னால் கமாலுதீன், தோளில் குழந்தை.
"ஈ.பி.யில இருந்துக்கிட்டு
நீங்களே இப்படிப் பண்ணா எப்படி?"
என்னவோ நான்தான் கையால் அணைத்த மாதிரி.
ஆஃப் என்றேன். குழந்தையைத் திருப்பிக் காட்டினார்.
முதுகெல்லாம் வேர்க்குரு.
டூட்டியிலிருந்த தனராஜுக்கு போன் போட்டேன்.
வியாசர்பாடியில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.
"நீயே பாத்துக்கண்ணே."

தெருமுனை பில்லர் பாக்ஸ்.
அதன்மேல் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி,
கிழிக்காமல் திறக்க முடியவில்லை.
ஐந்தாறு செல்போன் வெளிச்சம் என் கிளவுஸின்மேல்.
ஆர் இருக்கிறது. ஒய் இருக்கிறது. பி போயிருக்கிறது.
புது ஃபியூஸைச் செருகுமுன்
நானும் கொஞ்சம் தயங்கினேன்.
பயமில்லை, இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்.
சும்மா, அவர் மாதிரி.

செருகினேன்.

ஜன்னல்கள் எரிந்தன. அதோடு சேர்ந்து
மூன்றாவது மாடியில், நான் அணைக்க மறந்த தட்டு
அடித்தொண்டையில் முனகிக்கொண்டு எழுந்தது.
வழியில் யார்யார் குரலோ ஆகி
தன் குரலுக்கு வந்து சேர்ந்து
நாற்பது நிமிஷமாய்த் தொடாமல் வைத்திருந்ததைத்
தெரு முழுக்கக் கேட்கத் தொட்டது.

யாரும் கைதட்டவில்லை. ஃபேனுக்கு ஓடினார்கள்.
"யார் வீட்லயோ அழறாங்க" என்றார் பத்மலோசனி.
கமாலுதீன் குழந்தையைத் தோள்மாற்றிப் போட்டு
"இல்லக்கா, ஹார்பர்ல கப்பல்" என்றார்.
நான் வாய் திறக்கவில்லை.
பாக்ஸைப் பூட்டப் பார்த்தேன். துரு.
சாவியோடு முரண்டுபிடிக்கும்போதே
மேலே கீறல் வந்துவிட்டது.
லெஸ்லி டிக்ரூஸின் கீறல்.
அதே இரண்டு சுரம், அதே இரண்டு சுரம்,
நால்வரும் ஒரே படியில் நின்றுகொண்டு
யாராவது வந்து ஊசியைத் தூக்கிவிடட்டும் என்று.

மூன்று மாடி. லிஃப்ட் கிடையாது.
"வரேன் சார்," என்றேன். "வரேன்."