சோதனை விரல்

என் பையில் ஒரு விரல் இருக்கிறது.
கறுப்பு ரப்பர், ஆறு வயதுக் குழந்தையின் அளவு.
இரண்டு கணுவும் மடங்கும், நகம் மட்டும் கிடையாது.
கையெழுத்து வாங்கிக்கொண்டு
அலுவலகம் கொடுத்தது.

கோவில்யா மலைச்சரிவில்
ஆற்றைக் குடித்து
ஆற்றையே நீலமாய்த் துப்பிய கம்பளி ஆலை
வசந்தத்தில் குழந்தைகள் அருங்காட்சியகமாகத் திறக்கிறது.
சாயத்தொட்டி நிறைய மஞ்சள் பந்துகள்.
கொதிகலன் வயிற்றுக்குள் சறுக்குமரம்.
கைகழுவும் குழாய்கள் என் இடுப்புக்குக் கீழே இறங்கிவிட்டன.
ஆட்டுக்கொழுப்பு வாடை மட்டும்
மூன்று முறை சுண்ணாம்பு அடித்தும்
சுவரை விட்டு இறங்குவதாயில்லை.

காட்சிக்கு விரித்துவைத்த பழைய பதிவேட்டில்
அழகான சாய்ந்த கையெழுத்து:
கம்பளி, நாற்பது மூட்டை.
எண்ணெய், இரண்டு பீப்பாய்.
விரல், ஒன்று. அரைநாள் கூலி பிடித்தம்.
எண்ணெய், மறுபடி, ஒரு பீப்பாய்.

நான் துளை துளையாகப் போகிறேன்.
எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் நுழையாது.
இருபத்தைந்துக்கு மேலே என்றால் நுழைந்தது திரும்பிவிடும்.
இடைப்பட்டதெல்லாம் பொறி.
படிக்கட்டுக் கம்பி தேறியது.
கதவுக் கீல் தேறியது.
கம்பளி சீவும் இயந்திரம், எண் ஒன்பது,
உருளைக்கு அடியில்
விரல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.
இழுத்தேன்.
வரவில்லை.

பெல்மீரா குனிந்து பார்த்தாள்.
இயக்குநர் அவள்; வாயில் எந்நேரமும் ஒரு பென்சில்.
"அது பழுது இல்லை.
சிக்கிய கம்பளியை எடுக்க விட்ட வழி.
பெரியவர் விரல் போகாது.
அதற்குத்தான் ஆள் எடுத்தார்கள்,
விரலைப் பார்த்து."

அளவு வைத்தேன். பதினொன்று.
குறை என்ற கட்டத்தில் அதை எழுதினேன்.
தீர்வு என்ற கட்டத்தில்
அடைக்கவும் என்று எழுதி
அடித்தேன்.

குஸ்தோதியு கண்ணாடிப் பலகையும் திருகாணிகளுமாய் வந்தான்.
"ஒரு சொட்டு எண்ணெய் விட்டால்
உங்கள் சாமான் வந்துவிடும், எடுக்கட்டுமா?"
பெல்மீரா பென்சிலைக் கடித்தபடி
என்னைப் பார்க்காமல் மழையைப் பார்த்தாள்.

மூடிவிடுங்கள், என்றேன்.
கண்ணாடிக்குள் கணு வரை நின்றது அது,
யாரையோ கூப்பிடப் போவதுபோல
லேசாய் மடங்கி.

கொயிம்ப்ரா பேருந்தில்
பழக்கதோஷம், இரண்டு தடவை பைக்குள் துழாவினேன்.
மறுநாள் கிடங்கு எழுத்தர்
தலை நிமிராமல் ஒரு தாளை நீட்டினார்.

தொலைந்த பொருள்: விரல், ஒன்று.
நாற்பத்திரண்டு யூரோ, சம்பளத்தில் பிடித்தம்.
எங்கே தொலைந்தது என்ற இடம்
காலியாக இருந்தது.

வேலையில், என்று எழுதினேன்.