கால்மணி நேரம்

முதலில் விழித்தது நானல்ல, என் கை.
அவன் முதுகில் கிடந்த கைக்குத்தான்
சட்டை நனைந்திருப்பது தெரிந்தது.
பிப்ரவரி மாதம்.
கலஞ்ஞானுஸில் வடமேற்குக் காற்று
ஜன்னல் சட்டத்தைப் பிடித்து உலுக்கும் மாதம்.
யாருக்கும் வியர்க்காது.

பாக்கீசியோ, என்றேன்.
மூன்றாம் முறை கண்ணைத் திறந்தான்.
திறந்த கண்ணில் ஆள் இல்லை.
விரல் நுனியில் குத்தினேன்.
நாற்பத்தெட்டு.

நேற்று இருட்டும்வரை விறகு பிளந்தான்.
ராத்திரி ஊசியில் அதைக் கழிக்க மறந்திருக்கிறான்.

பழச்சாறு டப்பா குளிர்ப்பெட்டிக் கதவில் இருக்கும்,
எப்போதும் இரண்டு.
இருந்தன இரண்டும்.
எடுத்தால் கனமில்லை.
ஞாயிறன்று வந்த தங்கை மகன் எலியா
உறிஞ்சி முடித்துவிட்டு
அதே இடத்தில் ஒழுங்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
சர்க்கரை இந்த வீட்டில் வாங்குவதில்லை,
அது இவனுடைய கௌரவம்.

மிச்சமிருந்தது தேன்.
கார்க் ஆலையில் என் பக்கத்து மேசைக்காரி கொடுத்தது.
குளிர் தொடங்கும்போது பூக்கிற காட்டுமரத்துத் தேன்,
வாயில் வைத்தால் முகம் கோணும்.
நாக்குக்குக் கசப்பு.
ரத்தத்துக்கு அதுவும் சர்க்கரைதான்.

ஒரு பெரிய கரண்டி.
விஷம் வைக்கிறாயா, என்றான்.
மணிக்கட்டைத் தட்டிவிட்டான், பாதி போர்வையில்.
அந்தப் பாதியை மறுபடி அள்ளினேன்.
அப்போது
எழுத்துக் கூட்டி வாசிக்கிற பையனைப் போல
நிறுத்தி நிறுத்தி ஒரு வாக்கியம் சொன்னான்.
அந்த வாக்கியம் இங்கே வேண்டாம்.
அதில் நான் இருந்தேன்.
எங்களுக்குப் பிறக்காமல் போன ஒன்று இருந்தது.
விழுங்கு, என்றேன்.
விழுங்கினான்.

இனி கால்மணி நேரம்.
கொடு, காத்திரு, பார்.
நர்ஸ் ஜிரோலமா கற்றுத்தந்தது அவ்வளவுதான்.
பதறிப்போய் மேலும் மேலும் ஊட்டாதே,
விடியும்போது முந்நூறில் நிற்பான், என்றாள்.
கொடுக்கத் தெரிந்துகொண்டேன்.
பார்க்கத் தெரிந்துகொண்டேன்.
நடுவிலுள்ள சொல்லுக்குத்தான்
யாரும் பயிற்சி தரவில்லை.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறேன்.
அவன் தாடை நடுங்குகிறது.
சர்க்கரை வடிந்த மூளை பொய் சொல்லுமா,
இல்லை,
பொய் சொல்லும் தெம்பு மட்டும் போய்விடுமா?
ஜிரோலமாவிடம் இதைக் கேட்கலாம்.
எந்தப் படிவத்தில் எழுதிக் கேட்பது?

கோடைகளில் இவனுக்குக் கார்க் மரத்துப் பட்டை உரிக்கும் வேலை.
கோடரி மயிரிழை ஆழமாகப் போனாலும்
மரம் போச்சு, என்பான்.
உரித்த தண்டு பச்சைப் புண்ணாய்ச் சிவந்து நிற்கும்.
அதன்மேல் வெள்ளை மையில்
அந்த ஆண்டின் கடைசி எண்ணைப் போட்டுவிட்டு வருவான்.
திரும்பத் தொடப் பத்து வருஷம்.

எட்டு நிமிஷம் ஆகியிருக்கிறது.

காற்று எங்கோ ஒரு தகரத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது.
பதினொன்று.
அவன் கை போர்வையில் எதையோ தேடுகிறது.
என் முழங்காலில் முட்டி
அங்கேயே நின்றுவிடுகிறது.

பொனாரியா, கால் குளிருது.

இது அவன்.
இந்தக் குரலுக்கு மீட்டர் வேண்டாம்,
இருந்தாலும் குத்தினேன்.
எழுபத்தொன்பது.
மொறுமொறுவென்ற ரொட்டியும் ஒரு துண்டுப் பாலாடையும் கொடுத்தேன்.
உலகத்தின் முதல் ரொட்டி போல மென்றான்.
துணுக்குகள் மார்பு முடியில் உதிர்ந்தன.

ரொம்பப் படுத்தினேனா?
இல்லை.
ஏதாவது சொன்னேனா?
தேன் கசக்கிறது என்றாய்.
கசக்கத்தானே செய்யும், என்று சிரித்து
ஈரச் சட்டையைத் தலைவழியே உருவினான்.
இரண்டு நிமிஷத்தில் குறட்டை.

நோட்டில் எழுதினேன்:
மூன்று பத்து, நாற்பத்தெட்டு.
மூன்று இருபத்தேழு, எழுபத்தொன்பது.
கடைச் சீட்டில்: சாறு, ஆறு டப்பா.
யோசித்து, சர்க்கரை ஒரு கிலோ.
கௌரவம் கிடக்கட்டும்.

காலையில் போர்வையைப் பார்த்தேன்.
தேன் சிந்திய இடம் அட்டை போல விறைத்திருந்தது.
வெந்நீரில் ஊறவைத்தேன்.
தேய்த்தால் நூல் பிரியும்,
ஊறட்டும்.