அரை அங்குலம்

ஹெப்பாள் மேம்பாலம் இறங்கும் இடத்தில்
தண்ணீர்க் கேன் ஏற்றிய டெம்போ நின்றது.
நான் நிற்கவில்லை.
மழை, பிரேக், ஒரு கெட்ட வார்த்தை,
பிறகு ஒரு கேன் மட்டும் நிதானமாக உருண்டு
நடைபாதையில் ஏறி நின்றுகொண்டது,
சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி.

இன்சூரன்ஸ் ஆள் மூன்று படம் எடுத்தார்.
"2001 மாடல் எஸ்டீம். இதுக்கு ஆகுற செலவுல
இன்னொண்ணே வாங்கலாம் மேடம்."
வாங்கலாம்தான்.

சிவாஜிநகர், காயலான் கடைச் சந்துக்குப் பின்னால்
சிக்கந்தர் பாயின் தகரக் கொட்டகை.
பானெட் கூரை போல மடிந்திருக்கிறது.
ரேடியேட்டர் ஃபேனோடு ஒட்டிக்கொண்டு
பச்சைத் தண்ணீரைக் கக்குகிறது.
பிழைத்த ஒரு ஹெட்லைட்
சாலையை விட்டுவிட்டு
மேலே காக்கைக் கூட்டைப் பார்க்கிறது.
"எவ்வளவு பாய் ஆகும்?"
"கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்."

ரேடியேட்டர் ஜே.சி. ரோட்டில் கிடைத்தது.
பானெட்டுக்கு நான்கு நாள் அலைந்தேன்.
கடைசியில் ஒன்று, வெள்ளை,
செத்த எந்த வண்டியுடையதோ,
உள்பக்கம் சாக்பீஸில் யாரோ எழுதியது:
மூர்த்தி, வெள்ளிக்கிழமை டெலிவரி.
எந்த வெள்ளிக்கிழமை?
லோகேஷ் ஈரத்துணியால் அதைத் துடைத்தான்.

ஐந்தாம் நாள்
இடப்பக்க ஃபெண்டரைத் தட்டிக்கொண்டே வந்த சுத்தியல்
டங், டங், டங் என்று வந்து
ஓரிடத்தில் தொப் என்றது.
பாய் என்னைப் பார்த்தார். உளியை வைத்தார்.
பெயர்ந்து விழுந்தது பட்டி,
தோசைக் கனம் இல்லை, அடைக் கனம்.
"இது ரெண்டாவது அடி மேடம்.
மொத அடிய யாரோ இதுக்குள்ள பொதச்சிருக்காங்க."

2013. ஓசூரில் வேலை என்று
வண்டியை ஒரு வாரம் கேட்டு வாங்கிப் போனான்
என் தம்பி நந்தகோபன்.
திரும்பியபோது பளபளவென்று இருந்தது.
"சும்மா சர்வீஸ் விட்டேங்க்கா."
நெகிழ்ந்துபோய்ப் பெட்ரோலுக்கு வேறு காசு கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் இழுக்க ஆரம்பித்தது,
இடப்பக்கமாக, லேசாக,
கடைத்தெருவில் முந்தானை பிடிக்கும் குழந்தை மாதிரி.
அலைன்மென்ட் பார்த்தேன். டயர் மாற்றினேன்.
ரோடு அப்படி என்றார்கள்.
உங்க கை அப்படி என்றார் ஒருவர்.
கடைசிக் காரணத்தை நம்பிவிட்டேன்.

தரையில் புதைத்த தண்டவாளத் துண்டில் சங்கிலி.
மறுமுனை சேஸிஸில்.
லோகேஷ் ஜாக்கை மிதிக்க மிதிக்க
இரும்பு முதலில் மறுத்தது,
பிறகு முனகியது,
பிறகு என்னவோ ஒன்று உள்ளே விட்டுக்கொடுத்தது.
பாய் மூலைக்கு மூலை நூல் பிடித்தார்.
"அரை அங்குலம். அவ்ளோதான் கோணல்."

அப்போது பார்த்து மஸ்கட்டிலிருந்து அவன் அழைத்தான்.
வண்டி எப்படியிருக்கு என்று அவனாகவே கேட்டான்.
இத்தனை வருடத்தில்
ஒவ்வொரு அழைப்பிலும் அவன் அதைக் கேட்டிருக்கிறான்
என்பது அப்போதுதான் உறைத்தது.
"நல்லா ஓடுது."
"அது என்னக்கா சத்தம்?"
"பக்கத்துல கட்டடம் கட்டுறாங்க."
பெங்களூரில் எந்த நேரமும் செல்லுபடியாகும் பொய்.

பெயின்ட் முழுசாகச் சேரவில்லை.
வெயிலில் பானெட் மட்டும்
ஒரு பிடி கூடுதலாகச் சிவக்கிறது.
நாற்பத்தெட்டாயிரம்.
பேரம் பேசாமல் கொடுத்தேன்,
பாய்க்கே அது பிடிக்கவில்லை.

கப்பன் ரோடு. ஞாயிறு, காலை ஆறரை.
வண்டி நேராகப் போகிறது.
நான்தான் போகவில்லை.
இல்லாத ஓர் இழுப்பை எதிர்த்து
வலப்பக்கம் ஒடித்துக்கொண்டே இருக்கின்றன கைகள்,
மீடியனை ஒட்டி, இன்னும் ஒட்டி,
பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்கிறது.